ஓய்வா, ஜமைக்காவா, ஸ்லோவேனியாவா? மெர்லீன் ஓட்டியின் நாற்பது வயதுக் கணக்கு

2000 செப்டம்பர் 30, சிட்னி. ஒலிம்பிக் மகளிர் 4x100 மீட்டர் தொடர் ஓட்ட இறுதி. ஜமைக்கா அணியில் முதலில் டாய்னா லாரன்ஸ், இரண்டாவது வெரோனிகா காம்ப்பெல், மூன்றாவது பெவர்லி மெக்டொனால்ட். கடைசியில் பேட்டனை வாங்கி ஓடியவர் மெர்லீன் ஓட்டி. காம்ப்பெலுக்கு அப்போது 18 வயது, ஓட்டிக்கு 40. ஓட்டி தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கிய 1980இல் காம்ப்பெல் பிறந்திருக்கவே இல்லை. 42.13 நொடியில் இரண்டாவதாக வந்தார்கள். தங்கம் 41.95 நொடியில் ஓடிய பஹாமாஸுக்குப் போனது.

நாலு வருஷம் கழித்து ஏதென்ஸில் அதே போட்டியில் ஜமைக்காவுக்குத் தங்கம் கிடைத்தது. லாரன்ஸும் காம்ப்பெலும் இறுதியில் ஓடினார்கள். மெக்டொனால்ட் முதல் சுற்றில் ஓடியதால் விதிப்படி அவருக்கும் தங்கம். ஆக, சிட்னியில் ஓடிய நால்வரில் மூன்று பேர் கழுத்தில் தங்கம். நாலாமவரும் ஏதென்ஸில்தான் இருந்தார், ஸ்லோவேனியா நாட்டு உடையில். 100 மீட்டரில் அரையிறுதியோடு வெளியேறினார், 200 மீட்டர் அரையிறுதியில் காயத்தால் பாதியில் நின்றார். அப்போது வயது 44.

ஓட்டியின் வாழ்க்கையில் ஒரு ஒலிம்பிக் தங்கம் கூட இல்லை என்பது தெரிந்தவர்களுக்கு இந்த இடம் வலிக்கும். நாடு மாறாமல் இருந்திருந்தால் அந்தத் தங்கம் கிடைத்திருக்குமோ? அல்லது சிட்னியோடு நிறுத்தியிருந்தால் இன்னும் கௌரவமாக இருந்திருக்குமோ? தடகளம் பேசும் நண்பர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. எனக்கும் இதில் கொஞ்சம் சுயநலம் உண்டு. நாற்பத்தாறு வயதில் மூத்தோர் தடகளப் போட்டிகளில் 100 மீட்டர் ஓடுகிறவன் நான். "இன்னும் எதுக்குங்க இது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதனால் சிட்னிக்குப் பிறகு ஓட்டிக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, லாப நஷ்டத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் அவர் கையில் என்ன இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

1960 மே 10 அன்று, ஜமைக்காவின் மேற்குக் கோடியில் உள்ள ஹனோவர் வட்டாரத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1980 மாஸ்கோவில் 200 மீட்டர் வெண்கலம். வெள்ளி வாங்கிய நதால்யா போச்சினாவுக்கும் இவருக்கும் இடையே நூறில் ஒரு பங்கு நொடிதான்: 22.19, 22.20. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு வெண்கலம் (நம் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டது அதே ஒலிம்பிக்கில்தான்). 1988 சியோலில் 200 மீட்டரில் நாலாம் இடம். 1992 பார்சிலோனாவில் மீண்டும் 200 மீட்டர் வெண்கலம். ஊர்க்காரர்களே 'வெண்கல ராணி' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். பாராட்டா கிண்டலா என்று பிரிக்க முடியாத பட்டம் அது.

பிறகு வந்த இரண்டு 100 மீட்டர் இறுதிகளை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது. 1993 ஷ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அமெரிக்காவின் கெய்ல் டெவர்ஸ் 10.82, ஓட்டி 10.82. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தங்கத்தை டெவர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதக்க மேடையில் ஓட்டி ஏறியபோது ஜெர்மானிய ரசிகர்கள் கைதட்டலை நிறுத்தவே இல்லை. 1996 அட்லாண்டாவில் அதே கதை அப்படியே திரும்ப நடந்தது: டெவர்ஸ் 10.94, ஓட்டி 10.94, தங்கம் டெவர்ஸுக்கு. அந்த வேகத்தில் ஓடுகிற ஒருவர் நூறில் ஒரு பங்கு நொடியில் பத்து சென்டிமீட்டர் போல நகர்ந்துவிடுவார், அதாவது அரைச் சாண் தூரம். இங்கே அதுகூட இல்லை. தலையோ கையோ கணக்கில் வராது, நெஞ்சுப் பகுதி கோட்டைத் தொட வேண்டும். ஒருவர் ஒரு கணம் முன்னால் குனிந்தார், இன்னொருவர் குனியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்காக அவரைத் தோற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. உலகப் போட்டிகளில் 14 பதக்கம், அதில் மூன்று தங்கம்: 1991 டோக்கியோவில் தொடர் ஓட்டம், 1993இலும் 1995இலும் 200 மீட்டர். 100 மீட்டரில் 10.74, 200 மீட்டரில் 21.64. உள்ளரங்க 200 மீட்டரை 22 நொடிக்குள் முதலில் ஓடிய பெண்ணும் அவர்தான். 1993இல் பிரான்ஸின் லியேவாங்கில் ஓடிய அந்த 21.87, முப்பது வருஷம் தாண்டியும் உலக சாதனையாக நிற்கிறது.

சரி, நிறுத்தியிருக்கலாம் என்கிற வாதம். கேட்கும்போது மிகவும் நியாயமாகத் தெரியும் வழி இதுதான். 40 வயது. ஏழாவது ஒலிம்பிக் வரை போய்த்தான் ஆக வேண்டுமா? ஆறே சாதனை. உச்சத்தில் இருக்கும்போதே விடைபெறுவதுதான் அழகு என்று சொல்வார்கள். ஆனால் ஓட்டிக்கு 2000ஆம் ஆண்டு எப்படிப் போனது என்று பார்த்தால், அது விடைபெற ஏற்ற உச்சமாகத் தெரியவில்லை.

1999 ஜூலையில் லூசெர்ன் போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்கிற தடைசெய்யப்பட்ட ஊக்க மருந்து இருந்ததாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு பல பெரிய பெயர்கள் இதே மருந்தில் மாட்டின, பிரிட்டனின் 100 மீட்டர் வீரர் லின்ஃபோர்ட் கிறிஸ்டியும் அவர்களில் ஒருவர். செவில் உலகப் போட்டியிலிருந்து ஓட்டி விலகினார். ஜமைக்கா சங்கம் அவரைக் குற்றமற்றவர் என்றது. சர்வதேசத் தடையும் 2000 கோடையில் நீங்கியது. வெளியே வந்ததும் நேராக ஜமைக்காவின் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி.

அங்கே நாலாவதாக வந்தார். முதல் மூன்று பேர்தான் போகலாம். ஆனால் தேசிய சாம்பியனான பீட்டா கே டௌடெலை நீக்கிவிட்டு 100 மீட்டரில் ஓட்டியைச் சேர்த்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் தெசலோனிகியில் 10.99 ஓடியிருந்தார் என்பதால், வேகத்தை வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வில் நியாயம் இருந்தது. விதியை வைத்துப் பார்த்தால் இல்லை. சிட்னி ஒலிம்பிக் கிராமத்திலேயே ஜமைக்கா வீரர்கள் சிலர் எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, இது தொடர்ந்தால் அணியையே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று எச்சரிக்கும் அளவுக்குப் போனது. இருபது வருஷம் அந்த நாட்டுக்காகப் பதக்கம் கொண்டுவந்தவருக்கு எதிராக, அதே நாட்டுச் சட்டை போட்ட பிள்ளைகள். டௌடெல் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் கோபத்திலும் தவறு சொல்ல முடியாது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஓட்டி 100 மீட்டர் இறுதியில் 11.19இல் நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த லாரன்ஸ் 11.18. மறுபடியும் நூறில் ஒரு பங்கு.

இங்கே நிறுத்தியிருந்தால் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? நாண்ட்ரோலோன், தேர்வுச் சண்டை, நாலாம் இடம். ஒரு தொடர் ஓட்ட வெள்ளி அதையெல்லாம் மறைத்திருக்காது. ஓய்வு என்கிற வழியில் அவருக்கு நஷ்டம் இதுதான்: சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிக்காமல் எழுந்து போவது.

ஆனால் பதக்கக் கணக்கில் ஓய்வு அவருக்கு ஒரு பைசா நஷ்டமும் தந்திருக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. சிட்னி 100 மீட்டரில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்க மருந்தை ஒப்புக்கொண்டு சிட்னிப் பதக்கங்களை இழந்தார். 2009 டிசம்பரில் அந்த 100 மீட்டர் பதக்கங்களைத் திருத்தி அளித்தபோது லாரன்ஸ் வெள்ளிக்கு ஏற, ஓட்டிக்கு வெண்கலம் வந்தது. மொத்தம் ஒன்பது ஒலிம்பிக் பதக்கம், மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம். 2000க்குப் பிறகு ஒரு அடி ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இதே ஒன்பதுதான். ஸ்லோவேனியாவுக்காக ஓடிய அத்தனை வருஷத்திலும் ஒலிம்பிக்கிலோ உலகப் போட்டியிலோ ஒரு பதக்கமும் சேரவில்லை.

அப்படியென்றால் ஜமைக்காவிலேயே இருந்து முட்டி மோதியிருக்கலாமா? என் நண்பர்களில் பாதிப் பேர் கட்சி இதுதான். நானும் பல நாள் அந்தப் பக்கம்தான் இருந்தேன். நேரங்களை எழுதி வைத்துப் பார்த்த பிறகு மாறிவிட்டேன்.

ஓட்டியின் 100 மீட்டர் நேரங்களை வயதுப் பிரிவு வாரியாகப் பாருங்கள். 35க்கு மேற்பட்டோர் பிரிவில் 10.74 (1996), 40க்கு மேல் 10.99 (2000), 45க்கு மேல் 11.34 (2006), 50க்கு மேல் 11.67 (2010). ஒவ்வொரு படிக்கும் கால் நொடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நொடிக்குச் சற்று மேல் வரை இழப்பு. மனித உடம்பைப் பொறுத்தவரை இது நம்ப முடியாத சிக்கனம். நானெல்லாம் நாற்பதிலிருந்து நாற்பத்தாறுக்குள்ளேயே அதைவிட அதிகம் இழந்திருக்கிறேன், அதுவும் ஓட்டி நடந்து வருகிற வேகத்தில் ஓடிக்கொண்டு. ஆனாலும் இழப்பு இழப்புதான்.

மறுபக்கம் ஜமைக்காவில் என்ன நடந்தது? 2004 ஏதென்ஸ் 100 மீட்டர் இறுதியில் ஜமைக்காவின் மூன்று பெண்களும் இருந்தார்கள். காம்ப்பெல் 10.97இல் வெண்கலம், ஏலீன் பெய்லி ஐந்தாவது, ஷெரோன் சிம்ப்சன் ஆறாவது. சிம்ப்சனின் நேரமே 11.07. அரையிறுதி தாண்டாத 44 வயதுக்காரருக்கு இந்த மூவரில் யாரைத் தள்ளி இடம் கொடுப்பது? கொடுத்தால் சிட்னிக் கலகம் மறுபடி.

2008இல் நிலைமை இன்னும் மோசம். பெய்ஜிங்குக்கான ஜமைக்கா தேர்வுப் போட்டியில் நாலாவதாக வந்தவர் யார் தெரியுமா? வெரோனிகா காம்ப்பெல் பிரவுன். நேரம் 10.88. அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் 100 மீட்டர் உலக சாம்பியன் ஆகியிருந்தார். ஆனாலும் 100 மீட்டருக்கு அவரைச் சேர்க்கவில்லை. போன மூவரும் பெய்ஜிங்கில் மேடை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள்: ஷெல்லி ஆன் ஃப்ரேசருக்குத் தங்கம், சிம்ப்சனும் கெரன் ஸ்டூவர்ட்டும் ஒரே நேரத்தில் ஓடியதால் இருவருக்கும் வெள்ளி. 2000இல் நாலாவதாக வந்தவருக்காக விதியை வளைத்த நாடு, 2008இல் உலக சாம்பியனுக்காகக்கூட வளைக்கவில்லை. அந்த வருஷம் ஓட்டி ஸ்லோவேனியாவில் 11.32 என்கிற தகுதி நேரத்தைத் துரத்தி, 0.28 நொடி வித்தியாசத்தில் தவறவிட்டார். 48 வயதில்.

ஆக, தனிநபர் ஓட்டத்தில் ஜமைக்கா என்கிற கதவு உள்ளிருந்து மூடிக்கொண்டே வந்தது. அவர் தட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

தொடர் ஓட்டம் மட்டும் வேறு. "அக்கா மாதிரி கூட இருந்து ரிலே மட்டும் ஓடியிருக்கலாமே?" என்று கேட்டால் எனக்கு நல்ல பதில் இல்லை. மெக்டொனால்டுக்கு ஏதென்ஸில் வயது 34, முதல் சுற்று ஓடினார், தங்கம் கிடைத்தது. ஓட்டிக்கும் அப்படி ஒரு சுற்று கிடைத்திருக்கலாம். வளைவில் ஓடுவதில் அவருக்கு நிகர் குறைவு, 200 மீட்டர்தானே அவர் வீடு. பேட்டன் மாற்றுவதில் இருபது வருஷ அனுபவம் வேறு. இந்த ஒரு இடத்தில் ஸ்லோவேனியா முடிவுக்கு அவர் கொடுத்த விலை பெரிதாக இருந்திருக்கலாம். ஆனால் 2001இல் உட்கார்ந்து யோசிப்பவருக்கு 2004இன் தங்கம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன்னை வெளியேற்றச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் இருக்கும் அதே முகாமில் மறுபடியும் போய்ப் படுக்க வேண்டும் என்பதுதான்.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். ஸ்லோவேனியா எங்கிருந்து வந்தது என்று பலரும் ஆச்சரியப்படுவார்கள். தங்கமும் பணமும் கொட்டிக் கொடுத்து ஒரு நாடு ஒரு வீராங்கனையை வாங்கியது போன்ற கதை இதில் இல்லை. ஓட்டி 1998லேயே ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவுக்குக் குடிபோய்விட்டார். அங்கே பயிற்சியாளர் ஸ்ர்ஜான் ஜோர்ஜெவிச்சிடம் பயிற்சி. அதற்கு முன் பல வருஷம் இத்தாலியில் பயிற்சி, ஸ்லோவேனியாவுக்கு எல்லை தாண்டினால் இத்தாலி. சிட்னியில் ஜமைக்காவுக்காக ஓடியபோதே அவர் வீடு, மைதானம், பயிற்சியாளர் எல்லாம் லுப்லியானாவில்தான். 2002 மே மாதம் குடியுரிமை வந்தது. சாப்பிடுகிற ஊருக்கே ஓடுவது என்று முடிவெடுத்தார் என்று சொல்லலாம்.

வெளியிலிருந்து வந்தவரைத் தன் சட்டையில் ஓடவிடுவது ஸ்லோவேனியாவுக்கும் புதிதல்ல. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த, இருபது லட்சம் பேர் உள்ள சின்ன நாடு. 1994 ஹெல்சின்கி ஐரோப்பியப் போட்டியில் அதற்கு உயரம் தாண்டுதலில் தங்கம் கொண்டுவந்த பிரிட்டா பிலாச் கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர். 1996 அட்லாண்டாவில் பிரிகிட்டா புகோவெட்ஸ் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 12.59 ஓடி வெள்ளி வாங்கினார். 12.58 ஓடி அவரை முந்திய லுட்மிலா எங்க்விஸ்ட், சோவியத் யூனியனிலிருந்து ஸ்வீடனுக்கு நாடு மாறியவர்! நாடு மாறிய ஒருவரிடம் நூறில் ஒரு பங்கில் தங்கத்தை இழந்த நாடு, நூறில் பங்குகளிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவருக்கு ஆறு வருஷம் கழித்துக் குடியுரிமை கொடுத்தது. இப்படியெல்லாம் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

நாடு மாறுவதில் நேரம் எப்படிக் காலை வாரும் என்பதற்கு வில்சன் கிப்கெட்டர் சாட்சி. கென்யாவில் பிறந்து டென்மார்க்கில் குடியேறிய 800 மீட்டர் வீரர். 1995இல் உலக சாம்பியன். ஆனால் டேனிஷ் குடியுரிமை முழுதாக வராததால் 1996 ஒலிம்பிக்கில் ஓட முடியவில்லை, தன் சிறந்த பருவத்தில் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தார். ஓட்டிக்கு அந்த ஆபத்து குறைவு. சிட்னிக்கும் ஏதென்ஸுக்கும் இடையே நாலு வருஷம், குடியுரிமை நடுவில் வந்துவிட்டது. இன்றைய விதிகளின்படி நாடு மாறினால் பொதுவாக மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 42 வயது ஓட்டக்காரரைப் பார்த்து மூன்று வருஷம் காத்திரு என்று சொல்வது, 'நிறுத்திக்கொள்' என்பதற்கு மரியாதையான வார்த்தை.

நாடு மாறிப் பதக்கமும் வாங்கியவர் பிரான்சிஸ் ஒபிக்வெலு. நைஜீரியாக்காரர். போர்ச்சுகலில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 2001இல் போர்ச்சுகல் குடியுரிமை பெற்று, 2004இல் 100 மீட்டரில் 9.86 ஓடி ஒலிம்பிக் வெள்ளி. ஆனால் அவருக்கு அப்போது வயது 25. நாடு மாறுவது இளைஞனுக்கு முதலீடு. ஓட்டியின் வயதில் அது கால நீட்டிப்பு மட்டும்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்கள்தான் ஓட்டி மாறி என்ன கிழித்தார் என்று கேட்கிறார்கள்.

2006இல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் இது எல்லாமே ஒரே மைதானத்தில் வந்து நின்றது. ஆண்கள் 100 மீட்டரில் ஒபிக்வெலு தங்கம். வெண்கலம் ஸ்லோவேனியாவிலேயே பிறந்து வளர்ந்த மாட்டிட்ஸ் ஓசோவ்னிகருக்கு. மறுவருஷம் ஒசாகாவில் உலகப் போட்டி 100 மீட்டர் இறுதி வரை போய் ஏழாவதாக வந்த அதே ஓசோவ்னிகர்தான். பெண்கள் 100 மீட்டரில், 46 வயதான ஓட்டி முதல் சுற்றைத் தாண்டி அரையிறுதிக்குப் போனார். 1995இல் அவர் 200 மீட்டர் உலகத் தங்கத்தை வாங்கியதும் இதே கோதன்பர்க்கில்தான். அவருடைய மகள் வயதில் உள்ளவர்களோடு பிளாக்கில் குனிந்து நிற்கும்போது அது நினைவுக்கு வந்திருக்காதா?

யாருடைய இடத்தையாவது அவர் பறித்தாரா என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் டௌடெல் விஷயத்தில் இருந்த குற்றச்சாட்டே அதுதானே. ஸ்லோவேனியாவில் அந்தச் சிக்கல் எழ வாய்ப்பு குறைவு. ஒரு நாட்டுக்கு மூன்று இடம். ஜமைக்காவில் அந்த மூன்றுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், ஸ்லோவேனியாவில் தகுதி நேரத்தை ஒருவர் எட்டினாலே பெரிய விஷயம். மக்கள்தொகையில் இரண்டு நாடுகளுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் போட்டிக்கே தேசிய அரங்கம் நிரம்பி வழியும். இன்னொன்றில் பனிச்சறுக்குதான் உயிர். ஓட்டி போன இடத்தில் அவரை மறிக்க ஆளில்லை, கடிகாரம் மட்டும்தான் எதிரி. வயதான ஓட்டக்காரருக்கு இதைவிட நேர்மையான எதிரி கிடைக்காது.

நாட்டுப்பற்று என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இதில் என் கருத்து சுருக்கமானது. ஜமைக்காவுக்காக அவர் ஓடிய ஆண்டுகள் இருபதுக்கு மேல். கிங்ஸ்டன் தேசிய அரங்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள், அதுவும் அவர் ஸ்லோவேனியக் குடியுரிமை வாங்கிய பிறகு. ஊர் மன்னித்துவிட்டது, அல்லது மன்னிக்க எதுவுமில்லை என்று புரிந்துகொண்டது. நாம் எதற்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஆகவே என் தீர்ப்பு இப்படி. தங்கம்தான் குறி என்றால் ஜமைக்கா ரிலேதான் சரியான வழி, சீட்டு விழுமா விழாதா என்பது வேறு. பெயர்தான் குறி என்றால் 1997லேயே, ஏதென்ஸ் உலகப் போட்டியோடு நிறுத்தியிருக்க வேண்டும், 2000 ஏற்கெனவே தாமதம். (அந்த 1997 போட்டியில் 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம் என்று திரும்ப அழைத்த துப்பாக்கிச் சத்தம் காதில் விழாமல் பாதிக்கு மேல் தனியாக ஓடிவிட்டு, களைத்துத் திரும்பி வந்து மறுபடியும் ஓடி ஏழாவதாக வந்தார். அதன் பிறகும் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார் என்றால் இந்த மனுஷியின் பிடிவாதத்தை அளந்துகொள்ளுங்கள்.) ஓடுவதுதான் குறி என்றால் ஸ்லோவேனியாவைத் தவிர வேறு வழியே இல்லை. அவர் தேர்ந்தெடுத்ததை வைத்துப் பார்த்தால் அவருக்கு எது குறி என்பது தெரிகிறது.

போன வருஷம் ஒரு போட்டியில் எழுபதாவது மீட்டரில் என் பின்தொடையில் பட்டென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து கல்லை விட்டு எறிந்த மாதிரி. திரும்பிக்கூடப் பார்த்தேன், யார் எறிந்தது என்று. ஓரமாக உட்கார்ந்து ஸ்பைக்ஸைக் கழற்றும்போது, இனி போதும் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து அதே ஸ்பைக்ஸுக்குப் புது ஆணி வாங்கிக்கொண்டிருந்தேன். ஏதென்ஸில் 200 மீட்டர் அரையிறுதியில் நின்றுபோன பிறகும் 44 வயது ஓட்டி லுப்லியானா திரும்பிப் பயிற்சிக்குப் போனார் என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

2010 ஜூலையில் 100 மீட்டரை 11.67இல் ஓடினார், ஐம்பது வயதில். அதே மாதக் கடைசியில் பார்சிலோனாவில் ஐரோப்பியப் போட்டி, மோன்ட்ஜுயிக் குன்றின் மேல் உள்ள ஒலிம்பிக் அரங்கம். 1992இல் 200 மீட்டரை 22.09இல் ஓடி வெண்கலம் வாங்கிய அதே இடம். ஸ்லோவேனியா 4x100 அணியில் கடைசி ஓட்டம் அவருக்கு. இடது கையைப் பின்னால் நீட்டுவதா வலது கையை நீட்டுவதா என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லித்தர அணியில் யாருக்கும் வயசில்லை. 44.30 நொடி, தங்கள் சுற்றில் கடைசி இடம். ஐரோப்பியப் போட்டியில் அதுவரை ஓடியவர்களிலேயே வயதானவர் என்று அறிவித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஹெல்சின்கியில், 52 வயதில், அதே சட்டையோடு மறுபடியும் பேட்டனுக்காகக் காத்து நின்றார்.